அண்டி பொறுக்குகிறவனுக்கு ஆறு மார்க்

மகனின் யுகேஜி மிஸ் என்னைக் கூப்பிட்டு, "போர்டைப் பார்த்து எழுத மாட்டேங்குறான், எழுத்தெல்லாம் திரும்பி விழுது" என்றார். முதலில் கண் டாக்டரிடம் காட்டினோம். பார்வையில் குறை இல்லை. அதைப் பார்க்காமல் நேரே காட்சிப் புலனறிவுச் சோதனைக்கு, அதாவது கண் பார்ப்பதை மூளை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு, போவது வீண் என்பது பிறகுதான் புரிந்தது.

அப்புறம் ஒரு தெரபி சென்டர். டிடிவிபி-3 (DTVP-3) என்ற காட்சிப் புலனறிவுச் சோதனை வைத்தார்கள். 4 முதல் 12 வயது வரைக்குமானது. கோட்டுக்குள் கோடு இழுப்பது, பார்த்து வரைவது, சிக்கிக் கிடக்கும் கோடுகளுக்குள் உருவத்தைத் தேடுவது, பாதி உருவத்தை முழுதாக ஊகிப்பது, சிறுத்தாலும் சாய்ந்தாலும் அதே உருவம்தான் என்று அறிவது என ஐந்து பகுதிகள். மகன் ஒவ்வொரு படத்திலும் விரலைக் கொண்டுபோய்விட்டு, தொடாமல் என் முகத்தையே பார்த்தான். தப்பாகத் தொட்டால் திட்டு விழும் என்று பயந்திருப்பான்.

உருவம் தேடுவதில் 6. பார்த்து வரைவதில் 11. "நூறு பிள்ளைகளை நிறுத்தினா உங்க பையன் கீழேயிருந்து ஒன்பதாவது. ஒரு வருஷம் தெரபி வேணும், பேக்கேஜ் இருக்கு" என்றார்கள். எந்த நூறு பிள்ளைகள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

கருங்கலிலிருந்து பஸ் ஏறி நாகர்கோவிலில் இன்னொரு தெரபிஸ்டைப் பார்த்தேன். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "அந்த நூறும் அமெரிக்கப் பிள்ளைங்கக்கா" என்றார். சராசரி மார்க் 10, பெரும்பாலான பிள்ளைகள் அதற்கு மேலும் கீழும் மூன்றுக்குள் வருவார்களாம். அந்தச் சராசரியே அங்கே எடுத்தது. புத்தகத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் கேள்வியை அங்கங்கே தமிழில் சொல்லிக் கேட்டாலே அட்டவணை பழையபடி பொருந்தாதாம். "11-ஐயும் அப்படியே நம்பாதீங்க. நம்ம பிள்ளைங்க எல்கேஜியிலிருந்தே பார்த்துப் பார்த்துத்தானே எழுதுது?"

குறைந்த மார்க்கைத்தான் நான் சந்தேகப்பட்டேன். கூடிய மார்க்கும் ஏமாற்றும் என்று யோசிக்கவே இல்லை.

என் அம்மை அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை பார்த்தவர். கொல்லாமரத்தடியில் (முந்திரி மரத்தடியில்) சருகுக்குள் கிடக்கும் அண்டியை அம்மைக்கு முன்னாலேயே இவன் பொறுக்கிவிடுவான் என்று சொன்னேன். தெரபிஸ்ட் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அதற்காகப் பிரச்சினையே இல்லை என்றும் சொல்லவில்லை. காகிதத்தில் தேடுவது வேறு வேலை, பள்ளிக்கூடம் கேட்பது அதைத்தான் என்றார்.

சோதனையைத் திரும்ப வைக்கவில்லை, படங்கள் நினைவிலிருக்குமாம். அவன் நோட்டைப் பார்த்தார், போர்டிலிருந்து எழுதுவதுபோல் எழுதவைத்துப் பார்த்தார். வாரம் ஒரு நாள் வந்தால் போதும் என்றார். அடுத்த தடவை வைக்கும்போது பழைய ரிப்போர்ட்டில் எத்தனை சரி என்று இருக்கிறதோ அதோடு மட்டும் ஒப்பிடுவாராம், இவனை இவனோடேயே.

ஜூனில் வரச் சொல்லியிருக்கிறார். அண்டி சீசன் முடிந்திருக்கும், நல்லதுதான்.