கச்சான் காற்றில் ஒரு கொட்டகை

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘கொட்டகைக்குப் போறோம்’ என்றால் போதும். மண்டபத்திலிருந்து கீழக்கரை போகிற வழியில், தென்கடல் ஓரம், பனையோலை வேய்ந்தது.

மாமா அங்கே ஆபரேட்டர். அதனால் எனக்குக் கேபின் வாசற்படியில் இடம். புரொஜெக்டர் ஒன்றே ஒன்று. 2000 அடி ரீல் 22 நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்ததை மாட்டும்வரை சனம் முறுக்கு தின்னும். வெளிச்சத்துக்கு பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகளின் முனைக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து வெள்ளை வெளேரென்று எரியும். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும். மாமா கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்துத் திருகிக்கொண்டே இருப்பார். கொஞ்சம் அசந்தால் திரையில் ஆள் மங்கிப்போவான். “கார்பன்!” என்று தரை டிக்கெட்டிலிருந்து சத்தம் வரும், அப்புறம் வருவதை இங்கே எழுத முடியாது. தேய்ந்த துண்டுகள் எல்லாம் எனக்கு. செம்புப் பூச்சை மணலில் தேய்த்தால் பளபளக்கும்.

நடிகரை வைத்து வசூல் என்பதெல்லாம் வெளியூர்க் கணக்கு. இங்கே மீன்பாடுதான். கரைவலையில் நல்ல பாடு விழுந்த அன்று இரண்டாம் ஆட்டத்துக்கும் மணலில் கால் வைக்க இடமிருக்காது.

ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நேரே கொட்டகைக்குள் வரும். திரை வயிறு புடைக்க, நாயகியின் முகம் வீங்கும், வற்றும். சோகக் காட்சியில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. உப்பு இரும்பையும் விடவில்லை. புரொஜெக்டரின் பல்சக்கரங்களை மாமா தினமும் எண்ணெய்த் துணியால் துடைப்பார், குழந்தைக்குக் காது துடைப்பது போல.

1982இல் இலங்கையில் ரூபவாஹினி டிவி வந்தது. ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பினால் எங்கள் ஊரில் படம் விழும், பாதி புள்ளிகளோடு. ஓசி ஆயிற்றே! கொட்டகை அதற்குப் பிறகும் சில வருடம் இழுத்துக்கொண்டு கிடந்தது.

இப்போது செங்கல் கேபின் மட்டும் நிற்கிறது, சுவரில் இரண்டு சதுர ஓட்டைகளோடு. உள்ளே ஐஸ் பெட்டிகள். முன்னால் கருவாடு காய்கிறது. போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“ஏன்டா, பெஞ்சு டிக்கெட் பக்கமா காயப்போட்டிருக்காங்க? தரை டிக்கெட் பக்கம்தானே மணல் நல்லாருக்கும்!”