பசாங் எழுதறேன்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுடான்னு நம்ம பழைய மாணவர் சங்கத்துல மூணு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்காங்க, நானும் இதோ அதோன்னு இழுத்துக்கிட்டே வந்தேன். போன மாசம் எங்க ஸ்கூல் வாத்தியார் அட்லஸ் சார் தவறிட்டார்னு குரூப்ல போட்டோ வந்துச்சு, கீழ வரிசையா கும்பிடுற கை. நானும் ஒரு கை போட்டுட்டு வேலைக்கு போயிட்டேன். சாயந்திரம் கார்ல வர்றப்பதான் சுருக்குன்னுச்சு, சாருக்கு நான் ஒரு பதில் பாக்கி வச்சிருக்கேன், 2004-லேர்ந்து.

83 செட்டுக்கு என்னை பசாங்னாதான் தெரியும், மலாய்ல கடல் ஏத்தம்னு அர்த்தம். அந்த பேரு எப்படி வந்துச்சுன்னு கல்யாண வீட்டுக்கு கல்யாண வீடு ஒவ்வொருத்தனும் ஒரு கதை விடறான், அதனால நானே சொல்லிடறேன்.

ஃபார்ம் 3, எஸ்.ஆர்.பி பரீட்சை வருஷம். பினாங்கு பாலம் இன்னும் கட்டிக்கிட்டு இருந்தாங்க, 85-லதான் திறந்தாங்க, அப்ப எல்லாத்துக்கும் ஃபெர்ரிதான். சார் எனக்கு கொடுத்த ப்ராஜெக்ட், ரெண்டு வாரம் ஸ்கூல் விட்டதும் வெல்ட் கீ பக்கம் சீனங்க ஜெட்டிக்கு போயி, பகல்ல தண்ணி எத்தனை மணிக்கு நல்லா ஏறி நிக்குதுன்னு நோட்ல எழுதணும். மொத நாள் ஒழுங்கா போனேன், 2:10. ரெண்டாம் நாளும் போனேன், 3:00. மூணாம் நாள் பந்து விளையாட ஆள் குறையுதுன்னு கூப்பிட்டானுங்க, அவ்வளவுதான். மிச்ச பன்னண்டு நாளையும் வீட்டுலயே உக்காந்து எழுதிட்டேன், 3:05, 2:55, 3:00, நம்பற மாதிரி இருக்கட்டும்னு அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன போட்டு, பேனா கூட மாத்தினேன்.

சார் நோட்ட ஒரு பார்வைதான் பாத்தாரு. கிளாஸ் மலாய்ல நடக்கும், ஆனா திட்டு மட்டும் அவருக்கு தமிழ்லதான் வரும். "ஏண்டா தம்பி, நிலா என்ன உங்க வீட்டு கூலிக்காரனா, தினம் மூணு மணிக்கு டாண்னு வந்து நிக்க?" மொதல்ல நம்ம பசங்க சிரிச்சானுங்க, அப்புறம் அவனுங்க பக்கத்துல இருந்த மலாய்க்கார பசங்களுக்கும் சீன பசங்களுக்கும் மொழிபெயர்த்து சொல்ல, அவங்க சிரிச்சாங்க. ஒரே அவமானத்தை ரெண்டு தவணையா வாங்கினது நானாத்தான் இருப்பேன்.

அதோட விட்டாரா? என்னை நடுவுல நிக்க வச்சாரு. அப்ப நான் நல்லா உருண்டையா இருப்பேன், அதனால நான் பூமி. ஒல்லியா ஒருத்தன் நிலா, என்னை சுத்தி மெதுவா நடக்கணும், நான் நின்ன இடத்துலயே சுத்தணும். நிலா பாத்த பக்கம் இழுப்பு ஜாஸ்தி, நடுவுல அதைவிட கம்மி, முதுகு பக்கம் இன்னும் கம்மி, அதனால அந்த பக்கத்து தண்ணி பின்தங்கி அங்கயும் ஒரு மேடு. "இவன் வயித்துல ஒரு பசாங், முதுகுல ஒரு பசாங், அதான் நமக்கு ஒரு நாளைக்கு ரெண்டு." நான் ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள நிலா கொஞ்சம் நகர்ந்துடுச்சு, அவனை மறுபடி நேரா பாக்க நான் இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டியிருந்துச்சு. "இந்த கொஞ்சம்தாண்டா 50 நிமிஷம். தினம் அவ்வளவு லேட்டாகணும்." பெல் அடிச்சப்ப எனக்கு பேரு வச்சாச்சு.

அப்புறம் ஸ்டாஃப் ரூம் வாசல்ல கூப்பிட்டு சத்தமில்லாம ஒண்ணு சொன்னாரு. "எழுதாம விட்டிருந்தா அது வெறும் காலி கட்டம்டா. நீ எழுதினதால உண்மையா எழுதின ரெண்டு நாளும் சேர்ந்து கெட்டுச்சு." ப்ராஜெக்ட மறுபடி மொதல்லேர்ந்து செய்ய சொன்னாரு, ஒரு நாள் கூடவே வந்தாரு. தூண் கிட்ட குந்தி உக்காந்து நகத்தால சிப்பிய சுரண்டி, "இதுக்கு மேல சிப்பி ஒட்டலை பாரு, தண்ணி இதுவரைக்கும்தான் வருது"ன்னாரு. வர்ற வழியில செண்டோல் வாங்கி கொடுத்தாரு. மன்னிப்புன்னு எல்லாம் அவரும் சொல்லல, நானும் கேக்கல.

88-ல ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்கு வந்தேன். ரெண்டு வருஷம்னு அம்மா கிட்ட சொல்லிட்டு வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, சுனாமி. டிவியில நம்ம பினாங்கு மியாமி பீச்சும் பத்து ஃபெரிங்கியும் பாத்துட்டு ராத்திரி சாருக்கு போன் அடிச்சேன், வீடு தஞ்சோங் பூங்கா பக்கம், ஒண்ணும் ஆகல. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா பாடம் ஆரம்பிச்சுட்டாரு. இன்னிக்கு பௌர்ணமி, அதனாலதான்னு ஆளுங்க பேசிக்கறாங்க, நிலாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, இது கடலடி நிலநடுக்கத்தால வந்த அலை, இந்த சுனாமிக்கு தமிழ்ல கடல்கோள்னு அந்த காலத்துலயே பேரு இருக்குன்னாரு. நடுவுல சுமாத்ரா படுத்து மறைச்சதால பினாங்கு முழு அடியிலேர்ந்து தப்பிச்சுது, அச்சே முனைய சுத்திக்கிட்டு வந்ததுதான் நம்மள அடிச்சுது. ஆழ்கடல்ல ப்ளேன் வேகம், மலாக்கா நீரிணை மாதிரி ஆழம் கம்மியான இடத்துல கார் வேகம். "காலைல ஒன்பதுக்கு குலுங்குச்சு, இங்க அலை வந்தப்ப மணி ஒண்ணு தாண்டிடுச்சு. நாலு மணி நேரம்டா. சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல." இந்தியப் பெருங்கடலுக்கு அப்ப எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. மலேசியாவுல 68 பேர், அதுல பாதிக்கு மேல நம்ம பினாங்கு.

போன வைக்கறதுக்கு முன்னாடி கேட்டாரு, "அங்க உங்க பெர்த்ல ஒரு நாளைக்கு எத்தனை பசாங்?" பதினாறு வருஷமா கடலுக்கு அரை மணி தூரத்துல இருக்கேன், தெரியல. பாத்து சொல்றேன் சார்னேன். வீட்டு லோன், பிள்ளைங்க ஸ்கூல், அது இதுன்னு போயிடுச்சு. ஊருக்கு ரெண்டு தடவ போனேன், தண்ணிமலை கோயிலுக்கு போனேன், நாசி கண்டார் சாப்பாட்டுக்கு க்யூல நின்னேன், சார் வீட்டு பக்கம் போகல. பதில் இல்லாம போக வெக்கம்னு இப்ப சொல்லிக்கலாம், உண்மையில ஞாபகமே இல்ல.

போன வாரம் பக்கத்துல ஃப்ரிமேன்டில் துறைமுகத்துல போயி உக்காந்தேன். அங்க 1897-லேர்ந்து கடல் மட்டத்தை அளந்து எழுதிக்கிட்டே வர்றாங்க. அந்த மாதிரி அங்கங்க யாரோ விடாம எழுதி வச்சதாலதான் 1901-லேர்ந்து 2018 வரைக்கும் உலகம் பூரா கடல் சராசரியா 20 சென்டிமீட்டர் ஏறியிருக்குன்னு இன்னிக்கு சொல்ல முடியுது. அதுல எவனாவது பந்து விளையாட போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா எனக்கு வயித்த கலக்குது.

சார், இங்க பெரும்பாலும் ஒண்ணுதான். ஒரு ஏத்தம், ஒரு இறக்கம், அதுவும் சராசரியா முழங்கால் உசரம்தான், நம்ம ஊர்ல பௌர்ணமிக்கு ரெண்டு மீட்டர் கிட்ட ஏறி இறங்கும். நிலா அதேதான், கடலோட குழியும் கரையும்தான் வேற.

புது நோட்டு ஒண்ணு வாங்கியிருக்கேன். ஞாயிறும் திங்களும் எழுதியாச்சு. செவ்வா, புதன் வேலை, போக முடியல, அந்த ரெண்டு கட்டமும் காலியா இருக்கு.

பசாங், 83 செட், பெர்த்