முதுகைப் பார்த்து ஆடுவது

டிசம்பர் 24, கானாடுகாத்தான்
பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வீடு நிறைந்துவிட்டது. பெங்களூரில் சால்சா நடனம் கற்கும் சித்தப்பா மகன், விழா மாலையில் எல்லோரையும் ஆடவைக்கப் போகிறானாம். ஜோடி ஆட்டம் என்று கேள்விப்பட்டு அத்தைகள் முகம் சுளித்தார்கள். "ஜோடியே வேண்டாம் ஆச்சி. நான் முன்னால் ஆடுவேன், நீங்கள் பார்த்து ஆடுங்கள்" என்றான் என்னிடம். எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம். லத்தீன் நடன இரவுகளில் நடுவே இப்படி ஒரு கூட்ட ஆட்டம் வருமாம். ஒத்திகை கிடையாது.

டிசம்பர் 25
ஆனாலும் ஒத்திகை நடந்தது. எட்டு எண்ணிக்கை, நான்கிலும் எட்டிலும் அடி வைக்கக் கூடாது. சும்மா நிற்பதுதான் எங்களுக்கு வரவில்லை. அவன் எங்களைப் பார்த்து நின்று ஆடியபோது பாதிப் பேர் இடப்பக்கம், பாதிப் பேர் வலப்பக்கம் போனோம். சித்தியின் முழங்கை தேக்குத் தூணில் இடித்தது. முதுகைக் காட்டித் திரும்பியதும் சரியானது, முதல் வரிசைக்கு மட்டும். பின்னால் இருப்பவர்களுக்கு அவன் கால் தெரியாது. இரண்டாம் வரிசை செய்த தவறை நான்காம் வரிசை வெகு சிரத்தையாக ஆடியது. அவனும் ஓர் அடியைக் காலில் ஏறவிடாமல் அடுத்ததற்குத் தாவுகிறான். வித்தை காட்டுபவன் பின்னால் ஆட முடியாது.

டிசம்பர் 26
ஊஞ்சலில் இருந்த அப்பத்தா கேட்டார்: "ஏன் எல்லோரும் அவன் முதுகையே பார்க்கிறீர்கள்? கும்மி மாதிரி வட்டமாக நில்லுங்களேன்."
தம்பி துள்ளினான். கியூபாவில் அது ருவேதா தே காசினோவாம். 1950களின் கடைசியில் ஹவானாவில் பிறந்தது. வட்டமாக ஜோடிகள், ஒருவர் அடியின் பெயரைக் கூவ, எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடவேண்டும். 'தாமே' என்றால் ஜோடி மாறும். 'டிலே கே நோ' என்றால், 'அவனிடம் முடியாது என்று சொல்'. அத்தைகளுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது.
வட்டத்திலும் எதிரில் இருப்பவரின் இடம் வலமாகத்தான் தெரிகிறது. "எதிரே பார்க்காதே, பக்கத்தில் பார்" என்றார் அப்பத்தா. எனக்கு அதன் பிறகுதான் கால் வந்தது.

டிசம்பர் 28
நேற்று சாப்பாட்டுக் கூடத்தில் ஆடினோம். கண்ணாடி மேல் வார்த்த ஆத்தங்குடிக் கல் வழவழப்பாக இருந்தும், வியர்த்த வெறுங்கால் ஒட்டிக்கொண்டு சுழல மறுத்தது. சுழற்சியை விட்டுவிட்டுக் கைதட்டினோம்.
மூன்றாம் பாட்டில் தம்பி, நழுவிய வேட்டியை இழுத்துக் கட்டக் குனிந்தான். வட்டம் முழுவதும் குனிந்தது. அது ஆட்டத்தில் உள்ளதுதான் என்று சித்தி இன்று காலையும் சாதிக்கிறார்.