கான்கிரீட்டை உடைத்த கரையில் தட்டான்கள்: பீஷானில் ஒரு நாள்

சிங்கப்பூரில் பத்து கிலோமீட்டர்கூட வராத தூரத்துக்கு, மழை பெய்கிறது என்ற ஒரே காரணத்தால், செயலி வழியே பிடித்த வாடகைக் காரில் 31 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிவிட்டார்கள். ரயிலில் வந்திருந்தால் மூன்று வெள்ளியைத் தாண்டியிருக்காது. அந்தத் தொகையை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. அன்று பார்த்த பூச்சிகளை நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கியது ஃபேரர் பார்க் பக்கத்து மலிவு விடுதியில் என்பதால், காலையில் முதலில் வாம்போ கால்வாய் வரை நடந்தேன். இருபுறமும் கான்கிரீட் சுவர், மேலே கைப்பிடிக் கம்பி. அரை மணி நேரம் நின்றதில் தட்டான்கள் இரண்டு நீருக்கு மேலே பறந்து கடந்தன. இரண்டும் உட்காரவில்லை, உட்கார அங்கே ஒரு தண்டு இல்லை. வெள்ளத்தை விரைவாகக் கடலுக்குத் தள்ளத்தான் இத்தகைய கால்வாய்களைக் கட்டினார்கள், அந்த வேலையை அவை ஒழுங்காகவே செய்கின்றன. ஆனால் நீர்ப்பூச்சிகளில் பலவற்றுக்கு நீரைப் போலவே அதன் விளிம்பும் தேவை. விளிம்பைச் சுவராக்கிவிட்டால், அடியில் படியும் சேற்றில் ஹீமோகுளோபினை வைத்துக்கொண்டு குறைந்த ஆக்சிஜனிலும் சமாளிக்கும், கொசு போன்ற சிறு பூச்சியான மிட்ஜ் ஈயின் சிவப்புப் புழுக்கள் போன்ற சிலவே தாக்குப்பிடிக்கும்.

பீஷான் அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆறும் ஒரு காலத்தில் இப்படித்தான், 2.7 கிலோமீட்டர் நீள நேர்க்கால்வாயாக ஓடியது. கான்கிரீட்டை உடைத்தெடுத்து, 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து நெளியும் ஆறாக அதை மாற்றி 2012இல் திறந்தார்கள். கரை சரியாதிருக்கக் கற்களையும், கட்டுகளாகக் கட்டிய உயிருள்ள கிளைகளையும், வேர் ஆழமாக ஓடும் செடிகளையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வெப்பமண்டல மழைக்கு இது தாங்குமா என்று 2009இல் 60 மீட்டர் நீளத்தில் முதலில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். உடைத்த கான்கிரீட் பலகைகளைத் தூக்கி எறியாமல் பூங்காவுக்குள்ளேயே ஒரு குன்றாக அடுக்கிவைத்ததைப் பார்த்து, ஒரு சிக்கனக்காரனாக மனதாரப் பாராட்டினேன்.

நான் நெடுநேரம் குந்தியிருந்த இடம் ஒரு வளைவின் உட்புறம். அங்கே ஒரு கோரைத் தண்டில், நீருக்கு ஒரு சாண் மேலே, தட்டான் உரித்துவிட்டுப் போன கூடு ஆறு கால்களாலும் தண்டைக் கவ்வியபடி இருந்தது. முதுகில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு, அதிலிருந்து வெள்ளை நூல்கள் சில துருத்திக்கொண்டிருந்தன; அவை அந்தப் பூச்சியின் மூச்சுக்குழல்களின் உட்தோல், அதையும் சேர்த்தே உரித்திருக்கிறது. இரை பிடிக்க நீளும் கீழுதடு, முகமூடி போல மடிந்து முகத்தோடு அப்படியே ஒட்டியிருந்தது. நீருக்கடியில் கொசுப்புழுக்களையும் பிறவற்றையும் தின்று வளரும் இளவுயிரி, இப்படி ஒரு தண்டில் ஏறி நின்றுதான் சிறகு விரிக்கும். கரையில் புதர் வளர்ந்தால் கொசு பெருகும் என்று அஞ்சுவோர் உண்டு. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஓடும் ஆற்றைத் தேடுவதில்லை, பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரைத்தான் தேடுகிறது.

நம்மூர்க் குளக்கரைகளில் பார்க்கிற, கறுப்புப் பட்டைகள் கொண்ட பச்சைத் தட்டானான ஆர்தெட்ரம் சபினா இங்கேயும் ஒரு புல்நுனியில் அதே மிடுக்கோடு உட்கார்ந்து, ஓர் ஊசித்தட்டானைத் தலையிலிருந்து மென்றுகொண்டிருந்தது. பத்தடி தள்ளி, கற்களுக்குப் பின்னால் நீர் தேங்கும் இடத்தில், நீர்ப்பரப்பின் மேல் கால் பரப்பி ஓடும் பூச்சிகள் கூட்டமாகத் திரிந்தன. நேர்க்கால்வாயில் இப்படி ஒதுங்க ஓர் இடம் கிடைக்காது. கரையோர மரத்தில் முசுறு எறும்புகள் இலைகளை இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தன, என் கழுத்திலும் ஒன்று கடித்தது.

குறை ஒன்று உண்டு. கரையை விட்டு நாலடி ஏறினால் ஒட்ட வெட்டிய புல்தரை, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பூச்சி என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. புல்வெட்டும் இயந்திரத்தை இன்னும் பத்தடி தள்ளி நிறுத்தினால் என்ன கெட்டுவிடும்?

மூன்று மணிக்கு மழை கொட்டியது. அத்தகைய நேரத்தில் ஆறு சட்டென்று பரந்து வெள்ளச் சமவெளியை நிரப்பும் என்பதால் எச்சரிக்கை விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் வைத்திருக்கிறார்கள்; சொன்னபடி மேலேறிவிட வேண்டும். அந்தப் பதற்றத்தில்தான் முன்சொன்ன காரில் ஏறித் தொலைத்தேன். தேக்கா சந்தையில் ஏழு வெள்ளிக்குச் சாப்பிட்ட ஆட்டுக்கறி பிரியாணி, எலும்பிலிருந்து தானாகக் கழன்ற கறியோடு, அன்றைய செலவுக்கு ஓரளவு நியாயம் செய்தது.

வழி சொல்ல மறந்தே போனேன். ஃபேரர் பார்க்கிலிருந்து ஊதா நிறத் தடத்தில் சிராங்கூன் வரை போய், வட்டப்பாதைக்கு மாறினால் இரண்டாவது நிலையம் பீஷான். அங்கிருந்து நடந்தே போய்விடலாம். காலை எட்டரைக்குள் போய்விடுங்கள், குடையைக் கையோடு எடுத்துப் போங்கள். குடை ஆறு வெள்ளிதான்.