கிளினிக்கல் டிரையல் பற்றி எப்போது கேட்பது?

"எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் புற்றுநோய்க்கான கிளினிக்கல் டிரையலை, அதாவது புதுச் சிகிச்சையை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வை, பலரும் ஒதுக்கி வைக்கிறார்கள். அதற்குள் பாதிக் கதவு சாத்தியிருக்கும். இதுவரை எத்தனை வகைச் சிகிச்சை எடுத்தீர்கள் என்று எண்ணிப் பார்த்துச் சேர்க்கும் ஆய்வுகள் நிறைய. சிலவற்றில் ஒரு சுற்று கீமோ ஏறியிருந்தாலே இடமில்லை. நோய் உறுதியானதும், பிறகு மருந்தை மாற்றும் ஒவ்வொரு முறையும், அடுத்தது ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். முதல் கட்டம், உடல் எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்று பார்ப்பது. வழக்கமான முறையில் மூன்று பேருக்கு ஓர் அளவு. கடும் பக்கவிளைவு யாருக்கும் வராவிட்டால் அடுத்த மூன்று பேருக்கு அளவு கூடும், ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூன்று பேர். இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்பது கேள்வி. அளக்கும் கட்டிகளின் விட்டங்களைக் கூட்டினால் 30 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் பலன் என்று எழுதுவார்கள். மூன்றாம் கட்டத்தில் புது மருந்தா, வழக்கமான சிகிச்சையா என்பதைக் குலுக்கல்போலக் கணினி முடிவு செய்யும், டாக்டர் அல்ல. நல்ல சிகிச்சை இருக்கும் நோயில் மருந்தே இல்லாத வெறும் டம்மி மாத்திரையோடு விட்டுவிடுவது அரிது. பெரும்பாலும் வழக்கமான மருந்தோடுதான் டம்மியைச் சேர்ப்பார்கள்.

ஆள் தேர்வில் சின்ன விஷயங்களில் தட்டிப்போவதும் உண்டு. ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒரு லட்சத்துக்குக் கீழே, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் சற்று அதிகம், பழைய மருந்து நிறுத்தி இரண்டு முதல் நான்கு வாரம் ஆகவில்லை. இவை பல நேரம் கொஞ்ச நாளில் சரியாகக்கூடியவை, மறுபடி சோதிப்பார்களா என்று கேட்கலாம். பாரஃபின் பிளாக், அதாவது பயாப்சியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த துண்டு, கிடைக்காமல் நாள் கடத்துவது இன்னொரு தொல்லை. அது எந்த லேபில் இருக்கிறது என்று இன்றே குறித்து வையுங்கள். ஸ்கேன் படங்களை சிடியில் வாங்குங்கள், அறிக்கை மட்டும் போதாது.

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கலாம். அங்கேயே கையெழுத்து போடச் சொன்னால் சந்தேகப்படுங்கள். ஆய்வு மருந்து இலவசமாக இருந்தாலும் ஸ்கேன், படுக்கைச் செலவு யார் தலையில் என்பதையும், மருந்தால் பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாமல், எப்படி நிறுத்துவது என்று முதலில் ஆய்வுக் குழுவிடம் பேசுங்கள்.