நுரையீரலில் ஒரு கோடு

மருத்துவமனைக் கோப்புகளைப் படித்து நோய்களுக்குக் கோடு (code), அதாவது எண், போடும் மெடிக்கல் கோடர் நான். செவ்வாய்க்கிழமை மதியம் கோப்பி ஓ (பாலில்லாக் காப்பி) ஆறியதுகூடத் தெரியாமல் ஒரே கேஸில் உட்கார்ந்திருந்தேன். எழுபது தாண்டிய பாட்டி (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). நசுங்கிய முதுகெலும்புக்குள் ஊசி வழியாகச் சிமெண்ட் செலுத்தும் வெர்ட்டிப்ரோபிளாஸ்டி. டிஸ்சார்ஜ் சம்மரியில் சிக்கல் எதுவும் இல்லை. சிடி ரிப்போர்ட்டின் அடியில் மட்டும் ஒரு வரி: நுரையீரல் தமனியின் கிளையில் சிமெண்ட்.

வீடு கட்டும் சிமெண்ட் இல்லை, பிஎம்எம்ஏ என்னும் அக்ரிலிக். குழைத்த சில நிமிடங்களில் இறுகிவிடும். அதற்குள் பக்கத்துச் சிரைகளில் கசிந்தால் இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலில் சிக்கிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் சல்பேட் போன்றவை கலப்பதால், படத்தில் பளிச்சென்று வெள்ளைக் கோடு. எனக்கு வேண்டியதோ இன்னொரு கோடு, இதற்கான எண்.

சென்னையில் அமெரிக்க நோயாளிகளின் சார்ட் பார்த்துப் பழகிய கை நேராக ஐ26.95-க்குப் போனது. சிமெண்ட் எம்போலிசத்துக்கென்றே, அதாவது சிமெண்ட் போய் ரத்தக்குழாயை அடைப்பதற்கென்றே, அவர்கள் வைத்திருக்கும் எண் அது. சிங்கப்பூரில் நாங்கள் பார்ப்பது நோய் எண் பட்டியலின் ஆஸ்திரேலியப் பதிப்பு, ஐசிடி-10-ஏஎம். பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தார். "ரேடியாலஜி சொன்னா போதாதும்மா, டாக்டர் எழுதணும்."

சரிதான். இன்னொன்றும் உண்டு. பலருக்கு இந்தச் சிமெண்ட் ஒரு தொந்தரவும் தராது. தற்செயலாகப் படத்தில் தெரியும், அவ்வளவுதான். கூடுதல் நோயாகக் கோடு போட, அதற்காகச் சிகிச்சையோ பரிசோதனையோ கூடுதல் கவனிப்போ நடந்திருக்க வேண்டும். அந்தப் பதிப்போடு வரும் கோடிங் விதி ஏசிஎஸ் 0002 சொல்வது அதைத்தான். நர்ஸ் குறிப்புகளைத் தோண்டினேன். இரவு முழுக்க ஆக்சிஜன், மறுநாள் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து. டாக்டர் குறிப்பில் "பிஇ" (நுரையீரல் தமனி அடைப்பு) என்று இரண்டே எழுத்து, முன்னால் ஒரு கேள்விக்குறி. ரத்தக்கட்டியா, சிமெண்டா?

டாக்டருக்கு க்வெரி, அதாவது விளக்கம் கேட்கும் கடிதம், அனுப்பினேன். "சிமெண்ட்தானே டாக்டர்?" என்று கேட்கக் கூடாது, பதிலை நாமே ஊட்டியதாகிவிடும். ரத்தக்கட்டி, சிமெண்ட், வேறு ஏதாவது, சொல்ல இயலாது என்று வரிசையாகப் போட்டு, கோர் பல்மொனாலே, அதாவது இதயத்தின் வலப்பக்கத் திணறல், இருந்ததா என்றும் கேட்டேன். ஐ26.0-வா ஐ26.9-ஆ என்பது அதில்தான் இருக்கிறது.

வியாழன் மாலை பதில்: சிமெண்ட், செயல்முறையால் வந்தது, கோர் பல்மொனாலே இல்லை. ஐ26.9-உம், சிக்கலையும் அதன் காரணத்தையும் சொல்லும் கோடுகளும் போட்டாயிற்று.

சம்மரி மட்டும் இன்னும் பழையபடியே கிடக்கிறது. அந்தச் சிமெண்ட் கரையாது. நாளை வேறெங்கோ எக்ஸ்ரே எடுப்பவர் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக் குழம்புவார். சம்மரியில் அடெண்டம் (பின்சேர்க்கை) கேட்டு இன்று காலை இரண்டாவது மெயில் போட்டேன்.