கடைமடைக்காரியின் வாக்குச்சீட்டு

நெதர்லாந்தில் 2023 மார்ச் மாகாணத் தேர்தல் முடிந்த மறுநாள், அலுவலக உணவு மேசையில் ஒருவர் சொன்னார்: "டிராக்டர் ஓட்டும் பையன்களுக்கு என்ன அரசியல் தெரியும்?" எதிரில் இருந்த இளைஞன் பால்பண்ணை வீட்டுப் பிள்ளை. அவன் பேசாமல் ரொட்டியைக் கடித்தான். எனக்குத்தான் சுருக்கென்றது. எங்களைப் பற்றியும் இப்படிப் பேசிக் கேட்டவள் நான்.

மன்னார்குடிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர் எனக்கு. 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட, பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கவில்லை. நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம், டி.எம்.சி. எல்லாம் நாங்கள் பாடத்தில் படித்தவை அல்ல, திண்ணையில் கேட்டவை. 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசலுக்குப் பஸ் ஏறிய கல்லூரிப் பிள்ளைகளுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை.

இந்த நெதர்லாந்துப் பையனின் கதையும் அப்படித்தான். 2015இல் பால் உற்பத்திக்கான உச்சவரம்பு நீங்கியது. அவன் அப்பா கடன் வாங்கித் தொழுவத்தைப் பெரிதாக்கினார். 2018இல், மாட்டுச் சாணத்தில் சேரும் பாஸ்பேட்டுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2019இல் நைட்ரஜன் தீர்ப்பு: நைட்ரஜன் உமிழ்வுக்கு அரசு அனுமதி கொடுத்துவந்த முறை செல்லாது என்றது நீதிமன்றம். பிறகு, 2030க்குள் நைட்ரஜன் உமிழ்வைப் பாதியாக்க வேண்டும் என்றது அரசு. தீர்ப்பு வந்த 2019இன் அக்டோபரிலேயே தி ஹேக் நோக்கிப் போன டிராக்டர்களில் ஒன்றில் அப்பாவோடு அவனும் இருந்தான். 2019இல் தொடங்கிய விவசாயி குடிமக்கள் இயக்கம் 2023இல் பன்னிரண்டு மாகாணங்களிலும் முதலிடம் பிடித்தபோது நகரத்தார் திகைத்தார்கள். அவன் திகைக்கவில்லை. நைட்ரஜனால் இங்குள்ள காடுகள் நலிவது உண்மை, அதில் நான் தீர்ப்பின் பக்கம். ஆனால் பெருக்கச் சொன்ன அரசே குறைக்கச் சொன்னால் அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்தத் தேர்தல் நாளில் எனக்கும் ஒரு சீட்டு கிடைத்தது. தண்ணீரை ஆள இங்கே 21 நீர் வாரியங்கள் உண்டு; தங்கள் செலவுக்குத் தாங்களே வரி விதிக்கின்றன. வசிப்பு அனுமதி இருந்தால் போதும், வெளிநாட்டவரும் வாக்களிக்கலாம். தண்ணீருக்குத் தேர்தல்! மேசை விரிப்பு போன்ற அந்தச் சீட்டை விரித்து, சிவப்புப் பென்சிலால் வட்டத்தை நிரப்பியபோது கை நடுங்கியது. அன்று முழுவதும் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் அதையே சொன்னேன். அவர்களுக்கோ அது தபால் பெட்டியில் வந்து விழும் இன்னொரு கடிதம்.

மழையில் சைக்கிள் ஓட்டுகிறேன், மதியம் ஆறிய ரொட்டி தின்கிறேன். வேர் பிடித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஜூன் பிறந்தால் காலையில் முதலில் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டத்தைத்தான். இலையுதிர் காலத்தில் வாரிய ஆட்கள் வாய்க்கால் வாய்க்காலாகப் பார்வையிட வரும்போது, தூர்வாராத எங்கள் வாய்க்காலில் அப்பா மண்வெட்டியோடு இறங்கியது கண்ணில் நிற்கிறது.

2027இல் வாரியத் தேர்தலில் நிற்கப் போவதாக அந்தப் பையன் சொல்கிறான். நைட்ரஜன் பற்றி அவனோடு நிச்சயம் சண்டை போடுவேன். வாக்கு கேட்டு முதலில் என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.